தொடராக வரும் கற்பனைக் காமிக்ஸில் முன்குறிப்பு (பின்னால் வரப்போவதை முன்பே விதைத்து வைப்பது), ஸ்பாய்லர் (கதையின் ரகசியத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது), ஆசிரியர் விளக்கம்: இவை வாசிப்புக்கு உதவுகின்றனவா, கெடுக்கின்றனவா?

எய்ச்சிரோ ஓடா 1997 ஜூலை முதல் ஜப்பானின் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ வார இதழில் வரைந்துவரும் ‘ஒன் பீஸ்’ தொடரை வைத்தே இதற்குப் பதில் சொல்கிறேன். நான் மிக நெருக்கமாக அறிந்த தொடர் அதுதான். ஐம்பதாம் தொகுதியில் வெளிப்படும் ஒரு முக்கியமான செய்தியையும், பிற்பகுதியில் வரும் சில உறவுமுறைகளையும் இந்தப் பதில் சொல்லிவிடும். இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

2000-இல் வெளிவந்த 12ஆம் தொகுதியில், கிராண்ட் லைன் கடலின் நுழைவாயிலில் லபூன் என்ற திமிங்கிலம் வருகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போன கடற்கொள்ளையர்களுக்காக அது ஐம்பது ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. எதிரே நிற்கும் பாறைச் சுவரில் தலையை மோதி மோதி நெற்றியெல்லாம் தழும்பாகிவிட்டது. அவர்கள் கடலைவிட்டே ஓடிப்போய்விட்டார்கள் என்று கலங்கரை விளக்கக் காவலர் க்ரோக்கஸ் சொல்கிறார். கதாநாயகன் லூஃபி வேண்டுமென்றே அந்தத் திமிங்கிலத்தோடு சண்டையிடுகிறான், சண்டை முடியவில்லை, திரும்பி வந்து மறுபடி மோதுவேன் என்கிறான், அதன் தலையில் தன் கொடிச் சின்னத்தை வரைந்து, இது அழியும்படி இனி எங்கும் முட்டிக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறான்.

முன்குறிப்பு என்ற கலையின் நுட்பம் முழுவதும் இந்தக் காட்சியில் இருக்கிறது என்பேன். லபூனின் துயரம் அந்தச் சில அத்தியாயங்களுக்குள்ளேயே எழுந்து, அங்கேயே ஓர் ஆறுதலையும் பெற்று அடங்கிவிடுவதால், வாசகர் மனத்தில் எதுவும் தொங்கலாக நிற்பதில்லை. ‘இதைக் கவனித்துக்கொள், பின்னால் தேவைப்படும்’ என்று ஆசிரியர் விரல் நீட்டிக் காட்டும் குறிப்பை யாரும் கண்டுபிடித்துவிடலாம்; தன் வேலையைத் தானே முடித்துக்கொண்டு போன காட்சியை எவரும் சந்தேகிப்பதில்லை.

46ஆம் தொகுதியில் புரூக் என்ற பேசும் எலும்புக்கூடு வருகிறது. ஓடா அவரை வேடிக்கைப் பாத்திரமாகவே நமக்கு அறிமுகம் செய்கிறார். எலும்பாகிப் போனவருக்குத் தலைமுடி மட்டும் அடர்ந்த சுருளாக அப்படியே இருப்பதும் வேடிக்கையாகவே தோன்றுகிறது. 2008-இல் வந்த 50ஆம் தொகுதியில்தான் முழு உண்மையும் விரிகிறது. லபூனை விட்டுச் சென்ற அந்தக் கடற்கொள்ளையர் குழுவில் புரூக்கும் ஒருவர். நோயுற்ற கேப்டனும் சிலரும் மற்றவர்களைக் காப்பதற்காகவே பிரிந்து கடலைவிட்டு வெளியேறினார்கள். க்ரோக்கஸ் அறிந்தது அந்தப் பாதியை மட்டுமே. எஞ்சியவர்கள் பயணத்தைத் தொடர்ந்து, நஞ்சு தோய்ந்த ஆயுதங்களால் தாக்கப்பட்டு, லபூனுக்காகக் கடைசியாக ஒரு பாட்டை வாசித்துப் பதிவு செய்கிறார்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராகச் சாய, இசை நால்வராகி, மூவராகி, இருவராகி, இறுதியில் புரூக்கின் ஒற்றைப் பியானோவாகிறது. அந்தத் தலைமுடி இருந்தால்தான் லபூன் தன்னை அடையாளம் கண்டுகொள்ளும் என்று அவர் அதைக் காத்து வந்தது தெரிந்தபின், முன்பு சிரித்த இடங்களையெல்லாம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எனக்கு இந்தச் செய்தி முன்பே தெரிந்துவிட்டது. கல்லூரி விடுதியில் நான் பத்தாம் தொகுதியைப் படித்துக்கொண்டிருந்தபோது, அறைத்தோழன் ஒருவன், “அந்தத் திமிங்கிலம் காத்துக்கிட்டு இருக்கறதே எலும்புக்கூட்டுக்காகத்தான்” என்று ஆர்வத்தில் சொல்லிவிட்டான். எனவே லபூனை நான் சந்தித்ததே, எதற்காக அது காத்திருக்கிறது என்று தெரிந்த நிலையில்தான். பாட்டு ஒவ்வொரு குரலாக அடங்கும் பக்கங்களில் அப்போதும் அழுதேன் என்பது உண்மை. ஆனால் சில ஆண்டுகள் கழித்து என் தங்கை, ஒன்றும் தெரியாமல் அந்தப் பகுதியைப் படித்தவள், பாதியில் எழுந்து வந்து, “அண்ணா, அந்தத் திமிங்கிலம் எந்தத் தொகுதியில வந்துச்சு?” என்று கேட்டு, 12ஆம் தொகுதியைத் தேடி எடுத்து, நின்றபடியே புரட்டினாள். நான் இழந்தது என்ன என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. கதையின் துயரம் என்னிடமிருந்து போகவில்லை. பின்னோக்கி ஓடிப்போய்த் தேடும் அந்த ஒரு நிமிடம்தான் போயிற்று. தொடர்கதையில் அந்த நிமிடத்தை வாசகருக்குத் தருவதற்காகத்தான் ஆசிரியர் எட்டு ஆண்டுகள் வாய்திறக்காமல் இருந்திருக்கிறார்.

இதழ் விற்பனைக்கு வருவதற்கு முன்பே பக்கங்களைப் படம்பிடித்துப் பரப்புகிறவர்களை என்னால் மன்னிக்க முடியாததற்கும் இதுவே காரணம். ஜப்பானில் 2024-இல் இதற்காகக் கைது நடவடிக்கையே நடந்தது. 2019 ஜனவரியில் பதிப்பகமான ஷுயேஷா ‘மங்கா பிளஸ்’ தளத்தைத் தொடங்கியபின், புதிய அத்தியாயம் நமக்கு ஞாயிறு இரவு 8.30 மணிக்கே இலவசமாகக் கிடைக்கிறது; வியாழன் வாக்கில் கசியும் பக்கங்களைப் பார்க்காமல் மூன்று நாள் பொறுத்தால் போதும்.

ஆசிரியர் விளக்கத்தை நான் வேறாகப் பார்க்கிறேன். நான்காம் தொகுதியிலிருந்து, வாசகர் அனுப்பும் கேள்விகளுக்கு ஓடா ‘எஸ்.பி.எஸ்.’ என்ற பகுதியில் பதில் சொல்லிவருகிறார். லூஃபி குழுவின் சமையல்காரன் சாஞ்சியின் பிறந்தநாள் மார்ச் 2 என்பதைப் போன்ற விவரங்கள் அங்கே வருபவை. ஜப்பானிய மொழியில் ‘சான்’ மூன்று, ‘ஜி’ என்பது இரண்டைக் குறிக்கும் ‘நி’யின் வேறொரு வாசிப்பு. ஆனால் அதே பகுதியில்தான், 2023-இல் வந்த 105ஆம் தொகுதியில், அதே குழுவின் வாள்வீரன் ஜோரோவின் வம்சாவளியும் வெளியானது. ரியூமா என்ற பழங்கால வீரனின் உயிரூட்டப்பட்ட பிணத்தோடு ஜோரோ மோதியதிலிருந்தே இருவருக்கும் உறவு இருக்கலாம் என்று வாசகர்கள் ஊகித்துவந்தார்கள். வானோ நாட்டுப் பகுதியில் ஜோரோவின் முகச்சாயலோடு, ரியூமாவின் வழிவந்த உஷிமாரு என்ற சாமுராய் வந்தபோது ஊகம் வலுத்தது. இவ்வளவு பெரிய செய்தியைக் கதைக்குள் சொல்லாமல் கேள்வி பதிலில் சொல்லலாமா என்று பலர் வருந்தினார்கள். நான் அதைச் சரியென்றே கருதுகிறேன். தன் முன்னோர் யார் என்று ஜோரோ ஒருநாளும் கவலைப்பட்டவன் அல்லன். அவனிடம் யாராவது உட்கார்ந்து குலவரலாறு சொல்வதாக ஒரு காட்சி இருந்திருந்தால் அந்தப் பாத்திரமே கெட்டிருக்கும். மாறாக, புரூக் ஏன் முடியைக் காத்தார் என்பதை எஸ்.பி.எஸ். பகுதியில் மட்டும் சொல்லியிருந்தால் அது கதையின் தோல்வி. பாத்திரத்துக்கு வலிக்கும் செய்தி கதைக்குள்ளேதான் வரவேண்டும்.

லூஃபியும் புரூக்கும் லபூனுக்குக் கொடுத்த வாக்கு இன்னும் நிறைவேறவில்லை. அந்தச் சந்திப்பு நெருங்குகிறது என்று தோன்றும் வாரங்களில், வியாழன் முதலே நானும் தங்கையும் கைப்பேசியில் ‘ஒன் பீஸ்’ பற்றிய எந்தப் பக்கத்தையும் திறக்காமல் ஞாயிறு 8.30 வரை இருப்பதென்று பேசி வைத்திருக்கிறோம்.