வாடைக்காலத் தவணை

அன்புள்ள அக்கா,
முகாமைத்துவம் படித்து முடித்துவிட்டேன். இலாபமும் வரவேண்டும், சனங்களுக்கும் பயன் கிடைக்கவேண்டும் என்று பணம் போடும் ‘இம்பாக்ட் இன்வெஸ்டிங்’ துறைக்குப் போக ஆசை. அப்பா வங்கி வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார். வெளிநாட்டுப் பட்டம் இல்லாமல் இதற்குள் நுழைய முடியுமா?
க., உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள தம்பி,

முடியும். அப்பா சொல்வதையும் கேளுங்கள். வங்கியில் கடன் பிரிவு கிடைத்தால் இரண்டு மூன்று வருடம் இருங்கள். ஒருவரின் கணக்குக் கொப்பியைப் பார்த்து, கடன் திரும்பி வருமா, கட்டி முடித்த பிறகு அவர் கையில் ஏதாவது மிஞ்சுமா என்று சொல்லப் பழகவேண்டும். இரண்டாவது கேள்விதான் உங்கள் துறை.

இந்தப் பெயர் 2007இல், ராக்பெல்லர் அறக்கட்டளை இத்தாலியின் பெல்லாஜியோவில் கூட்டிய கூட்டத்தில் பிறந்தது. எனக்கு அது விளங்கியது குச்சவெளிப் பக்கம், கருவாடு போடும் ஒரு அக்காவின் வீட்டில்.

சுவரில் கலண்டர். செவ்வாய்க்கிழமை எல்லாவற்றிலும் நீல வட்டம்: குழுக்கடன் தவணை நாள். ஒவ்வொன்றுக்கும் சரி போட்டிருந்தது. கார்த்திகையிலிருந்து தை வரை மட்டும் சரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ‘அ’. என்னவென்று கேட்டேன். “அடகு” என்றார். வாடைக்காற்றில் வள்ளம் இறங்காது, மழையில் கருவாடு காயாது, தவணை மட்டும் கிழமை தவறாமல் வரும். முதலில் தோடு போனது, அப்புறம் மகளின் சங்கிலி. கடன் கொடுத்தவர்களின் கணக்கில் அவர் ஒரு தவணையும் பிந்தாதவர். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கொதிக்கிறது.

2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் கட்டமுடியாமல் நின்ற 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை, அதாவது இந்த மாதிரிச் சிறு கடன்களை, அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. கடல் அடங்கிய மாதங்களில் கூட்டி, வாடையில் குறைத்துத் தவணை போட்டிருந்தால் அந்தச் சங்கிலி வீட்டிலேயே இருந்திருக்கும். இப்படி ஒரு கடனை வடிவமைத்து, முதலீட்டாளருக்கு எக்செல்லில் காட்டி ஒத்துக்கொள்ளவைக்கும் ஆள் நமக்கு வேண்டும்.

சமூகப் பயனை அளக்கும் ‘ஐரிஸ் பிளஸ்’ அளவுகோல்கள் இணையத்தில் இலவசம், படியுங்கள். சிங்களம் பழகுங்கள். கொழும்புக்கும் ஒருநாள் போகத்தான் வேண்டும், பணம் அங்கேதான் இருக்கிறது.

போகுமுன் ஒரு வேலை. வருகிற வாடை முழுக்க, கருவாடு காயவைக்கும் ஒரு வாடியின் வரவு செலவைக் கிழமைக்குக் கிழமை எழுதுங்கள். நேர்முகத் தேர்வுக்கு அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா