மூலையில் இருக்கும் ஸ்பீக்கரை முதலில் வெளியே இழுங்கள்

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "புதிதாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினேன். டிவி அலமாரிக்கு இரண்டு பக்கமும் மூலையில் வைத்திருக்கிறேன், எதிர்ச்சுவரை ஒட்டி சோபா. பாட்டு போட்டால் பேஸ் என்கிற கனத்த தாழ்ந்த ஒலி மட்டும் வீடு முழுக்க முழங்குகிறது, பாடுகிறவர் குரல் தெளிவாக இல்லை. கடைக்காரர் தங்க முலாம் பூசிய கேபிளும், பேஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபர் பெட்டி ஒன்றும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? அறை 4 மீட்டர் நீளம், 3.2 மீட்டர் அகலம்."

வாங்காதீர்கள் ஐயா. பேஸ் அதிகமாகி அவதிப்படுகிறவருக்கு சப்வூஃபர் விற்கப் பார்ப்பதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கேபிள் கதையும் அப்படித்தான். மூன்று மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் சாதாரணச் செம்புக் கம்பி தாராளமாகப் போதும். அந்தத் தூரத்தில் அதன் மின்தடை ஒரு ஓமில் இருபதில் ஒரு பங்குகூட வராது, ஸ்பீக்கரோ பெரும்பாலும் 8 ஓம். வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்க இரண்டு நாள் கொடுங்கள் என்றால் மட்டும் எந்தக் கடையும் கொடுப்பதில்லை. 15 சதவீத வாட் வரியும் சேர்த்துக் கட்டிவிட்டு, பிடிக்கவில்லை என்றாலும் நாம்தான் வைத்து அழ வேண்டும். இந்த வழக்கம் எப்போது மாறுமோ.

சரி, உங்கள் அறைக்கு வருவோம். 1960-இல் கரோல் புயல் மரவீடுகளையும் தகரக் கூரைகளையும் அடித்துக்கொண்டு போன பிறகு நம் தீவு கான்கிரீட்டுக்கு மாறியது. புயலுக்கு நல்லது, ஒலிக்குக் கஷ்டம். மரச்சுவர் பேஸ் ஒலியில் கொஞ்சத்தை விழுங்கிவிடும், கான்கிரீட் ஏறக்குறைய எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடும். 4 மீட்டர் நீளத்தில் 43 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 43 அதிர்வு) பக்கத்திலும், 3.2 மீட்டர் அகலத்தில் 54 பக்கத்திலும் அறையே சேர்ந்து ஒலிக்கும். அந்த முழக்கம் சுவர் ஓரத்தில்தான் மிக அதிகம், மூலையில் இன்னும் அதிகம். உங்கள் ஸ்பீக்கரும் அங்கே இருக்கிறது, உங்கள் காதும் எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கிறது.

3.2 மீட்டர் சுவர் பக்கமாகவே ஸ்பீக்கர்கள் இருக்கட்டும். பின்சுவரிலிருந்து 70 சென்டிமீட்டர், பக்கச்சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். இரண்டுக்கும் நடுவே 2 மீட்டர் வரும். நீங்களும் ஒவ்வொன்றிலிருந்தும் அதே 2 மீட்டரில் உட்கார்ந்தால் தலைக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் இடம் இருக்கும். குடும்பம் புழங்கும் அறையில் சோபாவை நடுவில் போட முடியாது என்பது தெரியும், பாட்டு கேட்கும் நேரத்துக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். அலமாரியை விட்டுவிட்டு ஸ்டாண்டு செய்யுங்கள், பெட்டியில் கீச்சென்ற உயர்ந்த ஒலியைத் தரும் சின்ன ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வர வேண்டும். முகப்பை உங்கள் பக்கம் லேசாகத் திருப்புங்கள். குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவே, காற்றில் ஒருவர் நின்று பாடுவது போல வரும்வரை இரண்டிரண்டு சென்டிமீட்டராக நகர்த்துங்கள். டைல்ஸ் தரையில் ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் இடையே தடித்த கம்பளம் ஒன்று போட்டால் குரல் இன்னும் தெளியும். மெல்லிய ஃபோம் அட்டையையும் முட்டைத் தட்டையும் சுவரில் ஒட்டச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், அவை பேஸை எதுவும் செய்யாது.

ஒரே ஒரு விஷயத்தை நீங்கள் எழுதவில்லை. நம் வீடுகள் பலவற்றில் ஹாலின் ஒரு பக்கம் சாப்பாட்டு அறைக்கோ வராண்டாவுக்கோ திறந்திருக்கும். அப்படியானால் மேலே சொன்ன 60 சென்டிமீட்டர் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் பொருந்தும். சுவர் உள்ள பக்கத்து ஸ்பீக்கர் கனமாகவும், திறந்த பக்கத்து ஸ்பீக்கர் மெலிந்தும் கேட்கும், குரல் சுவர்ப்பக்கம் சாயும். ஸ்பீக்கரில் பழுது என்று நினைத்து மாற்றக் கொண்டுபோய்விடாதீர்கள். சுவர்ப்பக்க ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இன்னும் தள்ளுங்கள், மற்றதையும் அதே அளவு திறந்த பக்கமாக நகர்த்துங்கள், நாற்காலியும் கூடவே நகர வேண்டும். அப்படியும் சாய்ந்தால் ஆம்ப்ளிஃபையரின் பேலன்ஸ் குமிழைத் திறந்த பக்கமாகக் கொஞ்சம் திருப்புங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, குமிழ் இருப்பதே அதற்குத்தான்.

நகர்த்தி முடித்ததும் பின்னால் சிவப்பு முனையிலும் கறுப்பு முனையிலும் கேபிள் இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மாறிப்போயிருந்தால் பேஸ் காணாமல் போகும், அதைக் கேட்டதும் மறுபடியும் அதே சப்வூஃபரைத்தான் உங்களிடம் நீட்டுவார்கள்.