மூடிய சாயப்பட்டறையை கோ-ஒர்க்கிங் இடமாக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒன்றரை ஏக்கரில் எங்கள் குடும்பச் சாயப்பட்டறை இருந்தது. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் மூடியது, பிறகு திறக்கவில்லை. ஷெட்டை இடித்துவிட்டு, மரங்கள் சூழ்ந்த கோ-ஒர்க்கிங் இடம் (பலரும் மேசையை வாடகைக்கு எடுத்து வேலை செய்யும் பொது அலுவலகம்) கட்ட நினைக்கிறேன். ஆம்ஸ்டர்டாமில் இப்படிச் செய்த வீடியோ பார்த்தேன். இங்கே நடக்குமா?

பதில்: நடக்கும். ஆனால் ஜேசிபியை இப்போதைக்குக் கூப்பிடாதீர்கள்.

நீங்கள் பார்த்தது டெ செவெல் என்ற பழைய கப்பல் கட்டும் தளமாக இருக்கும். 2012-இல் மாநகராட்சி அதைப் பத்தாண்டுக் குத்தகைக்கு விட்டது. மண்ணெல்லாம் மாசு. அஸ்திவாரம் தோண்டினால் அந்த மண்ணை அள்ளி அப்புறப்படுத்தும் செலவே ஆளை விழுங்கிவிடும். அதனால் குத்தகை எடுத்தவர்கள் தோண்டவே இல்லை. கழித்துப்போட்ட படகு வீடுகளைக் கரையேற்றி, பழுதுபார்த்து அலுவலகங்களாக்கினார்கள். நடக்கத் தரையிலிருந்து உயர்த்திய மரப்பாதை போட்டு, இடையில் மாசை உறிஞ்சும் செடிகளை வளர்த்தார்கள். 2014-இல் திறந்தார்கள். வீடியோவில் படகுதான் கண்ணில் படும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தோண்டாத முடிவு.

உங்கள் நிலத்தில் முதல் எதிரி உப்பு. சாயமேற்ற மூட்டை மூட்டையாகக் கொட்டிய உப்பு எங்கே போயிருக்கும்? சில வகைச் சாயங்களில் குரோமியமும் தாமிரமும் உண்டு. கழிவுநீர்த் தொட்டியின் அடி, ஸ்லட்ஜ் (கழிவுநீரைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் சேறு) மூட்டை அடுக்கிய இடம், வாய்க்கால் ஓரம் என மூன்று இடங்களில், ஒரு அடி, மூன்று அடி ஆழத்தில் மண் எடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, கழிவு படாத மூலையிலிருந்து ஒரு மாதிரி. போர் தண்ணீரையும் சேர்த்து ஆய்வகத்தில் கொடுங்கள். பழைய ஸ்லட்ஜ் மூட்டைகள் இன்னும் கிடந்தால் (பல பட்டறைகளில் கிடக்கின்றன) அது அபாயகரக் கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த இடத்துக்குத்தான் போகவேண்டும். குழி தோண்டிப் புதைக்கிற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஷெட்டின் கான்கிரீட் தரைதான் இப்போது அந்த மண்ணுக்கு மூடி. அதை உடைக்காமல், இரும்புத் தூண்களையும் வைத்துக்கொண்டு, உள்ளே தடுப்புகள் போட்டால் போதும். கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கவேண்டும். உடைத்தால் அதன் நார் நுரையீரலுக்குள் போகும்.

மரங்களுக்கு வருவோம். புல்தரையை மறந்துவிடுங்கள், போர் தண்ணீர் ஒரே கோடையில் கருக்கிவிடும். புங்கன், பூவரசு, பனை ஓரளவு உப்பைத் தாங்கும். மற்றவற்றை நல்ல மண் நிரப்பிய உயரமான பாத்திகளில் வையுங்கள். மாசை உறிஞ்சும் செடி மாயமல்ல. உலோகம் இலைக்கும் தண்டுக்கும் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அதை வெட்டி மாட்டுக்குப் போட்டுவிடக் கூடாது.

பலர் கோட்டைவிடுவது மழைநீர்த் தொட்டியில். 10,000 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 600 மி.மீ. மழை விழுந்தால் சுமார் 5.5 லட்சம் லிட்டர். அதைக் கெட்ட மண் மேல் குழி வெட்டி இறக்கினால், உப்பை நீங்களே நிலத்தடி நீருக்குள் தள்ளுகிறீர்கள். தரைக்கு மேல் வைத்த தொட்டியில் பிடித்துச் செடிக்கு விடுங்கள். உறிஞ்சு குழி, ஆய்வில் நல்ல மண் என்று தெரிந்த மூலையில் மட்டும்.

தொழில் நிலத்தில் அலுவலகம் நடத்த நிலப் பயன்பாட்டை மாற்றவேண்டுமா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், யார் வருவார்கள்? சாஃப்ட்வேர் ஆட்களை நம்பித் தொடங்கவேண்டாம். தனியாகத் தொழில் செய்யும் மெர்ச்சண்டைசர் (ஆடை ஆர்டரைக் கவனித்து முடித்துக்கொடுப்பவர்), டிசைனர், பேட்டர்ன் போடுபவர், சின்ன பையிங் ஹவுஸ் (வெளிநாட்டு நிறுவனங்களுக்காக ஆடை வாங்கிக்கொடுப்பவர்கள்) இவர்கள்தான் உங்கள் ஊர் ஆட்கள். இவர்களுக்கு மேசையைவிட சாம்பிள் தைக்க நாலு மிஷினும், துணியை விரித்துப் பார்க்க நல்ல வெளிச்சமும் முக்கியம். ஷெட்டின் ஒரு மூலையில் பத்துப் பேருக்கு இடம் போட்டு ஒரு வருடம் நடத்திப் பாருங்கள். மண் ஆய்வு முடிவு வந்ததும் எழுதுங்கள், மரம் எங்கே வைப்பதென்று அப்போது பேசலாம்.