கல்தரையும் கம்பளமும்

அன்புள்ள ஐயா,

லுக்கிங் கிளாஸ் என்ற கணினி விளையாட்டு ஸ்டுடியோவை அடிக்கடி புகழ்கிறீர்கள். விற்பனையில் தோற்று மூடிய கம்பெனிதானே? ஏன் மூடினார்கள்? அவர்களுடைய ‘தீஃப்’ விளையாட்டின் காணொளி ஒன்றைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். ஆட்களெல்லாம் மரப்பொம்மை மாதிரி இருக்கிறார்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மூடியதில் மர்மம் எதுவும் இல்லை. கையில் பணம் தீர்ந்துவிட்டது. 2000 மே மாதம் கடையைக் கட்டினார்கள். சரி, அது போகட்டும்.

தீஃபைச் சத்தமில்லாமல் பார்த்தேன் என்று கூசாமல் எழுதுகிறீர்களே! சில நாளாக நானே அந்தச் சத்தத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். காவலாளிகளின் காதில் விழாமல் பதுங்கிப்போய்த் திருடுகிற ஆட்டம் அது. முதல்முறை ஆடியது ஒரு பின்னிரவில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு. கல்தரையில் நாலு எட்டு வேகமாக வைத்தேன். டக், டக், டக், டக். எங்கோ உள்ளே ராகம் இழுத்துக்கொண்டிருந்த காவலாளி சட்டென்று நிறுத்தினான். அவன் காலடி நெருங்கி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் நிஜமாகவே மூச்சை அடக்கிக்கொண்டேன். அப்புறம்தான் புரிந்தது: கம்பளத்தில் நடந்தால் கேட்காது, கல்லில் கேட்கும், இரும்பில் ஊரையே கூட்டும். கல்தரை மெத்தென்று ஆக, அதன்மேல் எய்வதற்குப் பாசி அம்பு என்று ஒன்றே வைத்திருந்தார்கள். அந்த ஆட்டத்தில் சத்தம் சுவரைத் துளைத்து வராது. கதவு, நடை என்று வழி இருக்கிற பக்கமாகச் சுற்றித்தான் வரும். ஆள் எந்த அறையில் நிற்கிறான் என்பதைக் காதை வைத்தே சொல்லிவிடலாம். 1998-ல் இதைச் செய்தார்கள். நீங்கள் அதை அணைத்துவிட்டு, பொம்மை சரியில்லை என்கிறீர்கள்.

தோற்ற கம்பெனியாம். 1990-ல் பால் நியூராத் ப்ளூ ஸ்கை என்ற பெயரில் தொடங்கிய இடம் அது. 1992-ல் அங்கே செய்த அல்டிமா அண்டர்வேர்ல்ட் என்ற முப்பரிமாண ஆட்டத்தில் சரிவான தரையில் ஏறலாம், அண்ணாந்து பார்க்கலாம். முப்பரிமாணச் சுடும் ஆட்டங்களுக்கு முன்னோடி என்கிற வுல்ஃபென்ஸ்டைன் 3டி அதற்குப் பிறகுதான் வந்தது. அங்கே வேலை பார்த்த வாரன் ஸ்பெக்டர் வேறிடம் போய் டியூஸ் எக்ஸ் என்ற பேர்பெற்ற ஆட்டத்தைச் செய்தார். லுக்கிங் கிளாஸ் மூடிய மறுமாதமே அது வெளிவந்தது. பயோஷாக் என்ற இன்னொரு பேர்பெற்ற ஆட்டத்தைச் செய்த கென் லெவினும் அங்கே தொழில் பழகியவர்தான். இதையெல்லாம் எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்க ஆள் இருக்கிறதே என்ற சந்தோஷத்தில்தான் இவ்வளவும். இன்று இரவு ஹெட்போன் மாட்டி, விளக்கை அணைத்துவிட்டு ஆடுங்கள். முதலில் கண்ணில் படுகிற கல்தரையில் வேண்டுமென்றே ஓடுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.