தாத்தாவின் ரிவால்வர் உறை: விளக்கெண்ணெய் வேண்டாம்

கேள்வி: அம்மாவின் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸில் சுபேதாராக இருந்து பர்மா போர்முனைக்குப் போய் வந்தவர். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது டிரங்குப் பெட்டியில் அவருடைய தோல் ரிவால்வர் உறை கிடைத்தது. ரிவால்வர் இல்லை, வெறும் உறைதான். தோல் காய்ந்து மடிப்பில் விரிசல் விட்டிருக்கிறது, கீழே நாலு விரல் நீளத்துக்குத் தையல் பிரிந்திருக்கிறது, பித்தளைக் குமிழைச் சுற்றிப் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது. விளக்கெண்ணெயில் ஊறவைத்து, செருப்புக் கடையில் தைத்து, பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்கிறான் தம்பி. செய்யலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தம்பியிடமிருந்து முதலில் அந்த எண்ணெய் பாட்டிலை வாங்கி வைத்துவிடுங்கள். மாட்டு வண்டி வாருக்கு விளக்கெண்ணெய் சரி, ஏனென்றால் அது தினமும் வேலை செய்கிற தோல், தேய்ந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். எண்பது வருடத் தோலில் ஊற்றிய எண்ணெய் திரும்ப வெளியே வராது. தோல் கறுத்துத் தொளதொளவென்று ஆகி, தூசியை இழுத்து, சில வருடங்களில் எண்ணெயே கெட்டுப் பிசுபிசுக்கும். அப்பாவின் தோல் பையில் தேங்காய் எண்ணெய் தடவி நானே இதைப் பட்டு அனுபவித்திருக்கிறேன், அந்த நாற்றம் இன்னும் போகவில்லை.

உங்களிடம் இருப்பது அநேகமாக 'சாம் பிரவுன்' பெல்ட்டோடு போகிற உறையாக இருக்கும். 1858-இல் சண்டையில் இடது கையை இழந்த சாம் பிரவுன் என்ற குதிரைப்படை அதிகாரி, ஒரு கையாலேயே வாளைச் சமாளிக்கத் தோள் வார் வைத்துச் செய்துகொண்ட பெல்ட் அது, நம் நாட்டில் பிறந்ததுதான். பின்பக்கமும் மூடியின் உள்பக்கமும் பாருங்கள். அம்புக்குறியும் ஆங்கில 'ஐ' எழுத்தும் சேர்ந்து குத்தியிருந்தால் அது இந்திய அரசின் முத்திரை. கூடவே வருடமோ, செய்த இடமோ, தாத்தாவின் பெயரோ எண்ணோ மையில் எழுதியிருக்கலாம். எதையும் தொடுவதற்கு முன் அதையெல்லாம் போட்டோ எடுத்துவிடுங்கள், பாலிஷ் போட்டால் முதலில் மறைவது அதுதான். பெட்டியில் தோட்டாப் பையும் இருந்தால் திறந்து பாருங்கள். வெறும் உறை வைத்திருப்பதில் சட்டச் சிக்கல் இல்லை, ஆனால் ஒரே ஒரு பழைய தோட்டா உள்ளே இருந்தாலும் 1959 ஆயுதச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். நோண்டாமல் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

இனி செய்வதா வேண்டாமா என்ற விஷயம். ஒரு வெள்ளைத் துணியால் உறையின் ஓரத்தில் மெதுவாகத் தேயுங்கள். செங்கல் நிறத்தில் பொடி ஒட்டினால் அது 'ரெட் ராட்', மரப்பட்டையில் பதனிட்ட தோலுக்கு வருகிற நோய். காற்றில் இருக்கும் கந்தகப் புகையும் ஈரமும் சேர்ந்து தோலுக்குள் அமிலமாகி நாரையே அறுத்துவிடும். உங்கள் ஊர் செம்பட்டு தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் இடம்) விவரம் தெரிந்த பெரியவர்களைக் கேட்டால் ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடிப்பது பற்றிச் சொல்வார்கள். ஆவாரை மாதிரிப் பட்டைகளின் துவர்ப்பில் பதனிட்ட தோலுக்கு இந்த நோய் சீக்கிரம் வரும், கடுக்காய்த் துவர்ப்பில் பதனிட்டது கொஞ்சம் தாங்கும். வந்துவிட்டால் குணமாக்க வழியில்லை. தண்ணீர் பட்டால் அந்த இடம் கறுத்துக் கல்லாகிவிடும், அதனால் ஈரத்துணியும், தோல் சாமான் கழுவுகிற சேடில் சோப்பும் கூடவே கூடாது. ஆல்கஹாலில் கரைத்த செல்லுலோஸ் பசையைப் பூசிப் பொடி உதிராமல் நிறுத்தலாம், அதைப் பழைய தோல் பொருள்களைப் பாதுகாக்கப் பயிற்சி பெற்றவர் செய்யட்டும்.

பொடி வரவில்லையா, நல்லது. அப்போதும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். பச்சை என்பது பித்தளையில் உள்ள செம்பு, தோலில் ஏற்கெனவே இருக்கும் கொழுப்போடு சேர்ந்து உண்டானது, எண்ணெய் விட்டால் இன்னும் வளரும். மூங்கில் பல்குத்தியால் மெதுவாகச் சுரண்டினால் வந்துவிடும், பிராஸோ வேண்டாம், அது தோலில் வெள்ளைக் கறையாக நிற்கும். மடிப்பு விரிசல் அப்படியே இருக்கட்டும், மூடியை அடிக்கடி திறந்து மூடி யாருக்கும் காட்டாமல் இருந்தாலே போதும்.

தையல் ஒன்றைத்தான் நான் சரிசெய்யச் சொல்வேன், பிரிந்த இடத்திலிருந்து மற்றதும் பிரியும் என்பதால். ஆனால் மெஷினில் கொடுக்காதீர்கள், புது ஊசி புது ஓட்டை போடும், பழைய தோல் அந்த ஓட்டை வரிசையில் தபால்தலை மாதிரிக் கிழியும். நைலான் நூலும் வேண்டாம், தோலை அறுக்கும். மெழுகு தடவிய லினன் நூலில், இரண்டு ஊசி போட்டு, பழைய ஓட்டைகள் வழியாகவே, கையால். பழக்கமான தொழிலாளி கிடைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து தைத்து வாங்குங்கள். ஓட்டையே கிழிந்திருந்தால் தைக்க வேண்டாம், பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி வையுங்கள்.

விற்கிற எண்ணம் இருந்தால் இதைக்கூடச் செய்யாதீர்கள். சேகரிப்பவர்கள் பிரிந்த தையலோடு வாங்குவார்கள், பளபளப்பாக்கியதைப் பார்த்தால் விலையைக் குறைப்பார்கள். தம்பிக்கு இடுப்பில் மாட்டிப் போட்டோ எடுக்கும் ஆசை என்றால் அதே அளவில் புதிதாக ஒன்று செய்து கொடுங்கள். தாத்தாவுடையதற்குள் அமிலமில்லாத டிஷ்யூ காகிதத்தைக் கசக்கித் திணித்து (செய்தித்தாள் வேண்டாம்), துவைத்த வேட்டித் துணியில் சுற்றி, காற்றாடுகிற அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் கூடாது, அந்தப் பரண் சூடும் கூடாது.

கேள்வி: என் பழைய தோல் பெல்ட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தலை காயவைக்கும் டிரையரைத் தள்ளிப் பிடித்து இளஞ்சூடாகக் காட்டுங்கள். உருகி மறைந்தால் அது தோலுக்குள் இருந்து வெளியே வந்த கொழுப்பு, துணியால் ஒற்றினால் சரி. மறையாமல் ஈர வாடையும் அடித்தால் பூஞ்சைதான். மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியே எடுத்துப் போய், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, நிழலில் காயவிடுங்கள், அந்த பிரஷ்ஷை வேறெதற்கும் எடுக்காதீர்கள்.