முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் போதும்

நண்பரே, உங்கள் பைக் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் முன் 15 பல், பின் 38 பல். சென்னை–மதுரை சாலையில் 90 கிமீ வேகத்துக்கு மேல் எஞ்சின் கத்துகிறது, பின் ஸ்ப்ராக்கெட்டை 36 ஆக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைவிட முன்னால் 16 போடுங்கள். செலவு குறைவு, பிடிக்கவில்லை என்றால் பழையதையே திரும்ப மாட்டிவிடலாம்.

38ஐ 15ஆல் வகுத்தால் 2.53, 16ஆல் வகுத்தால் 2.375. அதனால் 5000 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ஓடிய அதே வேகத்துக்கு இனி 4690 போதும். பின்னால் 36 போட்டால் 4740. பெரிய வித்தியாசமில்லை. 17 பக்கம் போகவே வேண்டாம். பின்னால் ஆளும் பெட்டியும் இருந்தால் எதிர்காற்றில் ஐந்தாவது கியர் இழுக்காது. 16லேயே ஏற்றத்தில் நாலாவதுக்கு அடிக்கடி இறக்க வேண்டிவரும். மலைப்பாதை நெரிசலில் முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்தே ஓட்டாதீர்கள், பிளேட் சீக்கிரம் தேயும்.

செயினைக் கழற்றும் முன்பே, பின் பிரேக்கை ஒருவர் மிதித்திருக்க, ஸ்ப்ராக்கெட் போல்ட்டைத் தளர்த்திவிடுங்கள். பல் கூடுவதால் பின் சக்கரம் சுமார் 4 மிமீ முன்னால் வரும், செயினை இறுக்கும் அட்ஜஸ்டரில் அந்த இடம் இருக்க வேண்டும். மாட்டியபின் சக்கரத்தைக் கையால் சுற்றி, கவரில் செயின் உரசுகிறதா பாருங்கள். செயின் மிக இறுகி நிற்கும் இடத்தில் தொய்வை அளந்து, கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை: பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி முனையில் செயினைப் பிடித்துப் பின்னுக்கு இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் 16 மட்டும் போட்டுப் பயனில்லை, பழைய செயின் புதுப் பல்லையும் தின்றுவிடும். செயின், முன், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.