பல்வலி தானா நின்னுடுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயசு, சுகர் இருக்கு. போன மாசம் கீழ் கடவாப்பல்லுல ரெண்டு நாள் தூங்கவே முடியாத வலி. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டார், வலி நின்னுடுச்சு. இப்ப அந்தப் பல்லுக்குக் கீழ ஈறுல சின்னதா ஒரு கொப்புளம் வருது போகுது, அமுக்குனா உப்பு கரிக்குதுன்றார். வலியே இல்ல, எதுக்கு டாக்டர்னு கேக்குறார். என்ன பண்றது டாக்டர்?

பதில்: கண்டிப்பா கூட்டிட்டுப் போங்கம்மா. வலி நின்னதுதான் எனக்குக் கவலையா இருக்கு. சொத்தை ஆழமாப் போய் பல்லுக்குள்ள இருக்குற நரம்பைத் தொட்டா அது வீங்கும், ஆனா சுத்தி கெட்டியான பல்லு இருக்குறதால வீங்க இடம் கிடையாது, அதான் அந்த உயிர் போற வலி. கொஞ்ச நாள்ல அந்த நரம்பு செத்துப்போயிடும், வலியும் போயிடும். கிருமி மட்டும் அங்கயே இருந்துக்கிட்டு வேர் நுனி வழியா தாடை எலும்புக்குள்ள இறங்கி சீழ் கட்டும். அந்தச் சீழ் வெளிய வர போட்ட ஓட்டைதான் அவர் ஈறுல பாக்குற கொப்புளம், உப்பு கரிக்குதுன்றாரே அது சீழ்தான். வடிஞ்சுக்கிட்டே இருக்குறதால அழுத்தம் இல்ல, அதனால வலியும் தெரியல. நாங்க சில சமயம் அந்த ஓட்டைக்குள்ள ரப்பர் மாதிரி ஒரு மெல்லிசான குச்சியை விட்டு எக்ஸ்ரே எடுப்போம், அது பெரும்பாலும் நேரா கெட்டுப்போன பல்லோட வேர் நுனிக்கே போய் நிக்கும்.

மாத்திரை போட்டா போதாதான்னு கேப்பார். போதாதும்மா. செத்துப்போன நரம்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, ஆன்டிபயாடிக் ரத்தத்துல போனாலும் பல்லுக்குள்ள போய்ச் சேராது. ஒண்ணு ரூட் கேனல் பண்ணி உள்ள சுத்தம் செய்யணும், பல்லு ரொம்ப உடைஞ்சிருந்தா எடுக்கணும், வேற வழி இல்ல. கிராம்பு எண்ணெய் வலியை மரத்துப்போக வைக்கும் அவ்ளோதான், ஈறுல அப்படியே ஊத்துனா புண்ணாகும். வீங்குன கன்னத்துல வெளிய ஒத்தடம் குடுக்காதீங்க, சூட்டுக்கு சீழ் தோல் பக்கமா வரலாம்.

அவருக்கு சுகர் இருக்குறதால இன்னும் சீக்கிரம் பாக்கணும். சுகர் ஏறினா கிருமி அடங்காது, கிருமி இருந்தா சுகர் இறங்காது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தூக்கி விடும்.

இதை மட்டும் வீட்டுல எல்லாரும் மனசுல வச்சுக்கோங்க. வாய் திறக்க முடியல, எச்சில் முழுங்க முடியல, தாடைக்கு அடியில கழுத்து வரைக்கும் கட்டியா வீங்குது, நாக்கு மேல தூக்குது, குரல் மாறுது, மூச்சு திணறுது, குளிர் ஜுரம்னு எதாவது ஒண்ணு வந்தாலும் பல் கிளினிக் திறக்கட்டும்னு காத்திருக்காம ராத்திரி 2 மணியா இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிடுங்க. கீழ் கடவாப்பல் சீழ் தாடைக்கு அடியில இறங்கி மூச்சுக்குழாயை நெருக்குற இந்த நிலைமைக்கு லுட்விக்ஸ் ஆஞ்சைனான்னு பேரு, உயிரே போகலாம். மேல் பல்லுன்னா கண்ணு பக்கம் வீங்கலாம், அதுவும் அவசரம்தான்.

மத்த பல்லைக் காப்பாத்த பெருசா செலவு வேண்டாம். ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி ஃப்ளோரைடு பேஸ்ட்டுல 2 நிமிஷம் தேய்ங்க, டியூப்ல ஃப்ளோரைடு அளவு 1000 பிபிஎம்னு போட்டிருக்கான்னு பாருங்க, நுரையைத் துப்பிட்டு உடனே தண்ணி விட்டு நல்லா கொப்பளிக்காதீங்க, ஃப்ளோரைடு கொஞ்ச நேரம் பல்லுல நிக்கணும். எவ்ளோ இனிப்புன்றதை விட எத்தனை தடவைன்றதுதான் முக்கியம், நாள் முழுக்க டீ பிஸ்கட்டுன்னு போய்க்கிட்டே இருந்தா பல்லு தேறி வர நேரமே கிடைக்காது. குளிர்ச்சிக்குக் கூச்சம், ரெண்டு பல்லுக்கு நடுவுல சாப்பாடு மாட்டுறது, சின்னக் கறுப்புப் புள்ளி, இந்த நிலைமையில வந்தா பல நேரம் சொத்தையைச் சுத்தம் பண்ணி அடைக்கிறதோடயே முடிஞ்சிடும்.

நாளைக்கே கூட்டிட்டுப் போங்கம்மா. வெறும் வயித்துல வேண்டாம், டிபன் சாப்பிட்டு சுகர் மாத்திரையும் போட்டுட்டு, கடைசியா எடுத்த சுகர் ரிப்போர்ட்டையும் அவர் சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் கையில எடுத்துட்டுப் போங்க.